பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து எடுத்த படம்

எங்கள் கட்டிடத்தில் யாரிடம் போய் என் நாத்தனாரைப் பற்றிக் கேட்டாலும், "லேப் அக்காவா? ஈ எறும்புக்குக்கூடக் கெடுதல் நினைக்காது" என்றுதான் சொல்வார்கள். அவரைக் குறை சொல்ல நான் வரவில்லை. குறை சொல்ல எனக்கு யோக்கியதையும் இல்லை. கடைசிவரை படித்தால் உங்களுக்கே புரியும்.

அவர் என் வீட்டுக்காரரின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுவேன். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டார். ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருட வேலை. ஊசி போட்டு ரத்தம் எடுப்பார், குப்பியில் பெயர் எழுதி ஒட்டுவார். ஒருவர் ரத்தம் இன்னொருவர் பெயரில் போனால் உயிருக்கே ஆபத்து என்று ஒவ்வொரு பெயரையும் மூன்று முறை பார்ப்பார். அந்தப் பழக்கத்தில் வீட்டு உப்பு டப்பாவிலும் சர்க்கரை டப்பாவிலும் பெயர் ஒட்டி வைத்திருந்தார். "ஏன் அண்ணி, நமக்கெல்லாம் நாக்கு இல்லையா?" என்று கேலி செய்வேன். "நாக்குல வெச்சப்புறம் தெரிஞ்சு என்னடி பிரயோஜனம்?" என்பார்.

எங்கள் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் பெயின்ட் கடை. மேலே மூன்று மாடி, ஒவ்வொன்றிலும் இரண்டு வீடு. நாங்கள் இரண்டாவது மாடி. பின்பக்கம் இன்னொரு மாடிப்படி உண்டு. தீப்பிடித்தால் தப்பி இறங்குவதற்கு. அதில் எதையும் வைக்கக் கூடாது என்பது நகராட்சி விதி. கடைக்காரர் அதைத் தன் குடோனாக ஆக்கிவிட்டார். படிக்குப் படி, பொறி பட்டாலே பற்றிக்கொள்ளும் பெயின்ட் தின்னர் டப்பாக்கள், கீழ்க் கதவுக்குப் பெரிய பூட்டு. அந்த நெடி எங்கள் சமையலறைவரை வரும். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அண்ணியால் முடியவில்லை. தீக்காய வார்டில் ரத்தம் எடுக்க நரம்பு தேடித் தேடி அழுதுவிட்டு வருகிறவர் அவர்.

"கடைக்காரர்கிட்ட நேரா போய்ச் சொல்லுங்களேன்" என்றேன்.

"எந்த வாயால சொல்றது? எங்கம்மா வழுக்கி விழுந்தன்னைக்கு அவர்தானே தன் வேன்ல தூக்கிப் போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்? கடையைச் சாத்திட்டுச் சாயங்காலம் வரைக்கும் நின்னாரு மனுஷன்."

அதனால் பெயர் தெரியாமல் புகார் கொடுப்பது என்று முடிவு செய்தார். ஆஸ்பத்திரியில் எப்படியோ, இதிலும் அப்படி ஒரு ஜாக்கிரதை. மூன்று பஸ் ஸ்டாப் தள்ளி ஒரு பிரௌசிங் சென்டர். நகராட்சியின் இணையப் படிவத்தில் 'பெயர் வெளியிட விரும்பவில்லை' என்ற கட்டத்தில் டிக். வீட்டு எண், மாடி எதுவும் கிடையாது. ஆனால் படம் ஒன்று கட்டாயம் வேண்டும் என்றிருந்தது. எங்கள் ஜன்னலிலிருந்து எடுத்தால் கொடியில் தொங்கும் அவருடைய வெள்ளைக் கோட்டு படத்தில் விழும். மறுநாள் இஸ்திரிப் பெட்டியை ரிப்பேருக்குக் கொடுக்கப் பக்கத்து வீட்டுக்குப் போனவர், அங்கே சமையலறை ஜன்னலில் நின்று அந்தப் பின்படியைப் போனில் படம் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்.

பக்கத்து வீட்டுக்காரரை எல்லோரும் ரேடியோ என்போம். மிக்சி, ஃபேன், இஸ்திரிப் பெட்டி எல்லாம் வீட்டிலேயே உட்கார்ந்து பழுது பார்ப்பார். அதனால் வந்த பெயர் இல்லை அது. வாய் மூடாது. ஸ்குரூ கழற்றும்போதே ஊர்க்கதை முழுக்கச் சொல்லிவிடுவார்.

படத்தோடு புகார் போன பத்து நாளில் நகராட்சி ஆள் வந்தான். யார் புகார் கொடுத்தது என்று சொல்ல மாட்டேன், சட்டம் இடம் கொடுக்காது என்றான். ரொம்ப ஒழுங்கு! சொல்லிவிட்டுப் படத்தை மட்டும் கடைக்காரர் மூக்குக்கு நேரே நீட்டினான். படத்தின் ஓரத்தில் ஜன்னல் கம்பி. கம்பியில் ரேடியோ மாட்டி வைத்திருந்த மஞ்சள் ஒயர்ச் சுருள்.

ஒரு வாரத்தில் படி காலியானது, பூட்டும் போனது. அபராதம் கட்டிய கடைக்காரர் ஒரு வார்த்தை சத்தம் போடவில்லை. "ஓட்டவாய்னு தெரியும், துரோகின்னு தெரியாது" என்று மட்டும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். அது போதுமே.

ரேடியோவிடம் ரிப்பேருக்குப் போவது நின்றது. அவர் மனைவி மொட்டை மாடிக்குத் துணி உலர்த்தப் போனால் மற்றப் பெண்கள் ஈரத் துணியோடு இறங்கி வந்தார்கள். ஒருநாள் அவர் வாசல் கதவில் சிவப்புப் பெயின்டில் 'காட்டிக் கொடுத்தவன்' என்று எழுதியிருந்தது. ரேடியோ துணியில் மண்ணெண்ணெய் நனைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். வாயே திறக்கவில்லை. எங்கள் வீட்டுக்குள் அண்ணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அந்தத் தேய்க்கும் சத்தத்தைக் கேட்டபடி இருந்தார்.

"போய்ச் சொல்லிடட்டுமாடி?" என்றார்.

"பேசாம இருங்க அண்ணி. வாயைத் திறந்தா நாளைக்கு நம்ம கதவு. பிள்ளைங்களை வெச்சுக்கிட்டு எங்க போறது?"

நான்தான் சொன்னேன். மறைத்து என்ன ஆகப்போகிறது?

அந்த ஜன்னலிலிருந்து எடுத்தால் பழி அவர் மேல் விழும் என்று யோசிக்கவே இல்லை என்பார் அண்ணி. பாதிதான் நம்பினேன். அவரும் பாதிதான் நம்பினார் என்று நினைக்கிறேன்.

ஆறாவது மாதம் ரேடியோ வீட்டைக் காலி செய்துகொண்டு ஊருக்கு வெளியே போய்விட்டார். அதற்குப் பிறகுதான் அந்தக் கொடுமை ஆரம்பித்தது. பூட்டின வீட்டிலிருந்து ரேடியோ பேசுவது கேட்கிறது என்றார் அண்ணி. வேலை விட்டு வந்து செருப்பைக் கழற்றும்போதே சுவரில் காதை வைப்பார். "என்ன சொல்றார்?" என்றால், "வார்த்தை புரியலைடி, யாருக்கோ கதை சொல்றார்" என்பார். எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. ஆனால் ஒரு மத்தியானம் தனியாகப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது எனக்கும் கேட்டது. இருமல் ஒன்று, பிறகு அந்தப் பேச்சு. குழாயை மூடினேன். நிற்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், ஈரக் கையோடு கூடத்துக்கு ஓடிவந்துவிட்டேன்.

அண்ணி சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போக ஆரம்பித்தார். ஒருநாள் லேபில் இரண்டு குப்பிகளுக்குப் பெயர் மாற்றி ஒட்டிவிட்டார். நல்ல வேளை, டாக்டர் கண்ணில் பட்டது. அன்று வீட்டுக்கு வந்ததும், "கிளம்புடி, ரேடியோவைப் பார்க்கணும்" என்றார்.

ஒற்றை அறை வீடு. ரேடியோ இளைத்துப் போயிருந்தார். அண்ணி நின்றபடியே, "அந்தப் படம் நான் எடுத்தது" என்றார்.

"தெரியும்" என்றார் ரேடியோ. "அந்த வாரம் என் அடுப்படிக்குள்ள வந்த வெளியாள் நீங்க ஒருத்தர்தான்."

"அப்ப ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா நெஜமாவே காட்டிக் கொடுத்தவனா ஆயிருப்பேனே. நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன். படியில காலடி கேக்கறப்பல்லாம், இன்னைக்குச் சொல்லிடுவாங்கன்னு நெனைப்பேன்."

அண்ணி கையெடுத்துக் கும்பிட்டார். ரேடியோ முகத்தைத் திருப்பிக்கொண்டார். வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி கடைசிவரை உள்ளே வரவில்லை.

திரும்பி வந்ததும் அண்ணி வீட்டுக்கு ஏறவில்லை. நேராகப் பெயின்ட் கடைக்குள் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். கடையில் ஐந்தாறு பேர், எங்கள் கட்டிடத்துக்காரர்களும் இருந்தார்கள்.

"புகார் கொடுத்தது நான். ரேடியோ இல்லை" என்றார் அண்ணி. எல்லோருக்கும் கேட்டது.

கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். பிறகு கண் கலங்கிவிட்டது அந்த மனிதருக்கு. "பார்த்தீங்களா இந்தப் பொண்ணோட மனசை! அவன் குடும்பம் கஷ்டப்படுதேன்னு பழியைத் தன் தலையில போட்டுக்குது. தங்கச்சி, யாரு செஞ்சாலும் நீ செய்ய மாட்டே."

"நான்தான் செஞ்சேன். பிரௌசிங் சென்டருக்குப் போய்..."

"போதும்மா. அவன்தானே உன்னை அழுது கெஞ்சி அனுப்பினான்? சே, ஒரு பொம்பளையைப் பொய் சொல்ல அனுப்பறானே, இவனெல்லாம் ஆம்பளையா?"

சுற்றி நின்றவர்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். ரேடியோவுக்கு இன்னொரு கெட்ட பெயரும் அங்கேயே அப்போதே சேர்ந்துவிட்டது. அண்ணி தவித்துப் போய், நகராட்சியில் கேளுங்கள் என்றார். அங்கேதான் பெயரே கிடையாதே. அவரே தேடித் தேடி அழித்த அடையாளம், இப்போது எங்கே போய்த் தேடுவது?

அண்ணி திரும்பி என் கையைப் பிடித்தார். "நீ சொல்லுடி. உனக்குத் தெரியும்ல. இவங்ககிட்டச் சொல்லு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கடைக்காரரும் பார்த்தார். எனக்கு அந்த நேரத்தில் ரேடியோ ஞாபகம் வரவில்லை. எங்கள் வீட்டுக் கதவுதான் ஞாபகம் வந்தது.

"அண்ணிக்குக் கொஞ்ச நாளா உடம்பு சரியில்லைங்க" என்றேன். "சரியாத் தூங்கறதில்லை."

அண்ணி என் கையை மெதுவாக விட்டார். கடைக்காரர் ஸ்டூல் எடுத்துப் போட்டார், யாரோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். நல்ல பிள்ளை மாதிரி வாங்கிக் குடித்தார்.