குளிர் முடியட்டும் என்று அக்காவிடம் சொன்னேன்

இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வரும்போது அக்காவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைகள் முடிந்து, கிரான்பர்ன் மண்டபத்தில் பந்திக்கு ஆயத்தமாகிக்கொண்டிருப்பார்கள். பசியோடு இருப்பவர்கள் சாப்பிட்டுவிட்டு ஆறுதலாகப் படிக்கலாம். அக்கா இருந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார். இதை எழுதும் பொறுப்பை அக்காவின் மகன் என்னிடம் தந்தான். "மாமா, அப்பாவும் இல்லை, அம்மாவை முழுக்கத் தெரிஞ்ச ஆள் இனி நீங்கள் மட்டும்தான்" என்றான். அதனால்தான் எழுதக் கூச்சமாக இருக்கிறது.

அக்கா யாழ்ப்பாணத்து அளவெட்டியில் எங்கள் பெற்றோரின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். நான் வெகுகாலம் கழித்துப் பிறந்த கடைக்குட்டி. ஐயா நேரத்தோடு போய்விட்டார். அம்மா தையல் மெசினை வைத்து எங்கள் இருவரையும் ஆளாக்கினார். கணக்கில் கெட்டிக்காரியான அக்காவுக்குப் புலமைப்பரிசில் கிடைத்து, சோவியத் நாட்டுக்குப் பொறியியல் படிக்கப் போனார். பனி என்றால் படத்தில் பார்த்ததோடு சரி. முதல் மாரிகாலம் முழுவதும் விடுதி அறையில் இருந்து அழுததாகப் பிற்காலத்தில் சிரித்துக்கொண்டே சொல்வார்.

அந்த அழுகையை நிறுத்தியவர் அறைத்தோழியின் தாயார். கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்குவதற்கு முந்திய கிழமை அக்காவைத் தங்கள் ஊருக்குக் கூட்டிப்போனாராம். அந்தக் கிழமை முழுவதும் அங்கே கொண்டாட்டம். சூரியன் திரும்பி வருகிறது என்று, அதைப்போல வட்டமாக, மெல்லிய அப்பங்களை வெண்ணெயில் சுட்டு அடுக்குவார்கள். வைக்கோலில் ஒரு பெண் பொம்மை செய்து, பழைய உடுப்புப் போட்டு, "இதுதான் குளிர், போய்த் தொலை" என்று ஊரே கூடிக் கொளுத்தும். கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் உள்ளவர்கள் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்க வேண்டும். பெரியவர் சின்னவர் என்ற பேதம் இல்லை. கேட்கப்பட்டவர், "கடவுள் மன்னிப்பார், நானும் மன்னிக்கிறேன்" என்று பதில் சொல்ல வேண்டும். அந்தத் தாயார் அக்காவின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டபோது, எங்கள் அம்மாவே கேட்டதுபோல் இருந்ததாம்.

அக்கா அங்கிருந்து பட்டத்தோடு இந்தப் பழக்கத்தையும் கொண்டுவந்தார். அத்தானைக் கைப்பிடித்து மெல்பேர்ண் வந்து, நகரசபையில் வெள்ளவாய்க்கால்கள் வடிவமைக்கும் வேலையில் ஓய்வுபெறும்வரை இருந்தார். வந்த கொஞ்ச வருடத்திலேயே என்னையும் கூப்பிட்டெடுத்துப் படிப்பித்தார். வருடம் தவறாமல் தன் வீட்டுப் பின்வளவில் குளிரையும் விரட்டிக் கலைத்தார். நாங்கள் சைவ சமயத்தவர், எங்களுக்கு ஏது தவக்காலம். போதாததற்கு, அந்தக் கிழமை வருவது இங்கே நல்ல கோடைக்குள். வியர்க்க வியர்க்கத் தோசைக்கல்லில் அப்பம் சுடுவார். தோட்டக் கடையில் வாங்கிய வைக்கோலில் பொம்மை கட்டி, அத்தானின் பழைய கம்பளிச் சட்டையை அதற்கு மாட்டுவார்.

"இந்த வெக்கையில எந்தக் குளிரைக் கலைக்கிறியள் அக்கா?" என்று பகிடி பண்ணுவேன்.

"அங்க இண்டைக்கும் பனி கொட்டுது. அவைக்காகக் கலைக்கிறன். நீ தண்ணி வாளியைக் கிட்ட வை" என்பார்.

கொளுத்தி முடிந்ததும் வரிசையாக எங்களிடம் மன்னிப்புக் கேட்பார். நானும் அந்தப் பதிலை ஒப்புவிப்பேன். வாயால் மட்டும்தான். அதற்கு ஒரு காரணம் இருந்தது.

நான் இங்கே கிளேட்டனில் பல்கலைக்கழகத்தில் கடைசிப் பரீட்சைகள் எழுதிக்கொண்டிருந்தபோது ஊரில் அம்மா காலமானார். செய்தி அக்காவின் தொலைபேசிக்கு வந்தது. போர்க்காலம், பாதை பூட்டு. புறப்பட்டாலும் போய்ச் சேர்ந்திருக்க முடியாது. பரீட்சையையாவது எழுதட்டும் என்று அக்கா எனக்குச் சொல்லவில்லை. எனக்குச் சந்தேகம் வரக்கூடாது என்று நண்டுக்கறி காய்ச்சிப் போட்டார். தான் மட்டும் வயிறு சரியில்லை என்று சோறும் பருப்பும் சாப்பிட்டார். கொள்ளி வைக்க வேண்டிய மகன் நான். ஊரில் பெரியப்பாவின் மகன் கொள்ளி வைத்த அன்று, நான் இங்கே நண்டுக் கால் உறிஞ்சிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் போடுங்கோ என்று கேட்டேன்.

கடைசிப் பரீட்சை முடிந்த அன்று சொன்னார். அதைப்பற்றி நாங்கள் ஒருநாளும் பேசவில்லை. அதன்பின் நான் நண்டு சாப்பிடுவதில்லை என்பது மட்டும் அக்காவுக்குத் தெரியும்.

இந்த வருடம் பெப்ரவரியில் அந்த ஞாயிறு வந்தபோது, அக்காவின் நோய் வருத்தம் முற்றியிருந்தது. மருந்து இனிக் கேட்காது என்று வைத்தியர்கள் சொல்லிவிட்டார்கள். பொம்மை கட்டத் தெம்பில்லை. அன்று காட்டுத்தீப் பயத்தில் நெருப்பு மூட்டத் தடை விதித்த நாள் வேறு. குசினியில் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு, அப்பம் சுடும் என்னை மேற்பார்வை செய்தார். நான் சுட்டது ஒன்றும் வட்டமாக வரவில்லை.

"தம்பி" என்றார். "அம்மான்ர விசயத்தில நான் உனக்குச் செய்ததை மன்னிச்சுக்கொள். அந்த நண்டுக்கறி என்ர நெஞ்சுக்கயே நிக்குது."

அத்தனை வருடத்தில் அதைப் பெயர் சொல்லிக் கேட்டது அன்றுதான். அடுத்த கரண்டி மாவை ஊற்றினேன். அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்:

"இண்டைக்குக் கொளுத்தவும் ஏலாது, ஒண்டும் ஏலாது. ஆகஸ்டில இங்கத்தைக் குளிர் முடியேக்க வடிவாச் செய்வம் அக்கா. அப்ப எல்லாத்தையும் கதைப்பம்."

"ஓம், அதுவும் சரிதான்" என்றார் அக்கா. பிறகு, அப்பம் கருகுவதாகச் சொன்னார்.

அக்கா யூலையில், நடுக்குளிரில், கண்ணை மூடினார். நாங்கள் கதைப்பதாக இருந்த ஆகஸ்டில் அவருடைய அந்தியேட்டி நடக்கிறது.

நான் மன்னிக்காமல் இருந்தேனா என்றால் அதுவும் இல்லை. எப்போதோ மன்னித்துவிட்டேன். இன்னொரு தடவை கேட்கட்டும் என்று இருந்தேன். அக்கா என்னிடம் கேட்பது எனக்குப் பிடித்திருந்தது. இதைவிடச் சின்னத்தனம் வேறு என்ன இருக்கிறது என்று இத்தனை நாளாக யோசித்துப் பார்க்கிறேன். வேறொன்றும் கண்ணில் படவில்லை.

இதற்குள் நானும் ஒரு வேலை செய்தேன். என் மகள் சிட்னியில், ஸ்ட்ராத்ஃபீல்டில் இருக்கிறாள். அவளுக்குத் தன் மாமி, என் அக்கா, என்றால் உயிர். இப்போது பிள்ளைத்தாய்ச்சி, இரத்த அழுத்தம் கூடியிருக்கிறது என்று வைத்தியர் எச்சரித்திருந்தார். தகனம் முடியும்வரை அவளுக்குச் சொல்ல வேண்டாம் என்று வீட்டில் எல்லோருக்கும் கட்டளை போட்டவன் நான்தான். அவள் தொலைபேசி எடுத்து அழைத்தபோது, "மாமி நித்திரை பிள்ளை" என்றேன். சிரித்துக்கூடப் பேசினேன். அக்காவின் நண்டுக்கறி அப்போது நினைவுக்கே வரவில்லை என்றால் நம்புவீர்களா?

முகநூலில் யாரோ போட்ட அஞ்சலியைப் பார்த்துத்தான் மகளுக்குத் தெரிந்தது. உடனே எனக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"மாமியை எரிச்ச அண்டைக்கு நான் பேபி ஷவர் வைச்சு, டான்ஸ் ஆடிப் படம் போட்டிருக்கிறன் அப்பா. நீங்கள் அதுக்கு லைக் போட்டிருக்கிறியள்."

"உன்ர நன்மைக்குத்தான் பிள்ளை" என்றேன்.

"அது உங்கட டிசிஷன் இல்லை" என்று வைத்துவிட்டாள். அதன்பின் தாயோடு மட்டும் பேசுகிறாள். பிறகு நான் எழுதிக் கேட்ட மன்னிப்புக்கு இன்னும் பதில் வரவில்லை. வீட்டில் தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் எழும்பி ஓடுகிறேன். அக்கா எத்தனை வருடம் இப்படி என் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தாரோ தெரியாது.

இனி, நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்ல வேண்டும். அக்காவை வீட்டுக்கே வந்து பராமரித்த தாதிமாருக்கும், கேட்காமலே முன்வளவுப் புல்லை வெட்டிவிட்ட பக்கத்து வீட்டுக்காரருக்கும், அடுப்பு மூட்டாத நாட்களில் சாப்பாடு கொண்டுவந்த அன்ரிமாருக்கும், கிரியைகளை நடத்தித் தந்த ஐயருக்கும், இரவிரவாக வாகனம் ஓட்டி வந்த சிட்னி உறவுகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தாயைப் பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்த அக்காவின் மகனுக்கு நன்றி என்ற சொல் போதாது. அந்த அவசர அந்தரத்தில் சிலருக்குச் செய்தி பிந்தித்தான் வந்திருக்கும். அவர்கள் பொறுத்தருள வேண்டும்.

அக்கா, கடவுள் மன்னிப்பார், நானும் மன்னிக்கிறேன். பெப்ரவரியில் சொல்லியிருக்க வேண்டியது. இப்போது அச்சில் போட்டு என்ன பயன் என்று தெரிந்துகொண்டேதான் போடுகிறேன்.

பயணம் கூடாது என்றதால் என் மகள் இன்று இங்கே இல்லை. அச்சகத்திலிருந்து வந்த முதல் மலரை அவளுக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். அவள் தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள், ஆனால் வாசிப்பாள். மகளே, உன் மாமியின் செய்தியை உனக்கு மறைத்தது நான். என்னை மன்னித்துக்கொள். கோபம் ஆறட்டும், அவசரமில்லை. ஆனால் நான் இருக்கும்போது சொல்லிவிடு.