பாஞ்சாலை படித்த பி.காம்.

கீழ்பென்னாத்தூர் பாஞ்சாலைக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள். குரல் தணிந்துவிடும். எதிரில் இருப்பவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டியிருக்கும். கேட்ட பிறகு ஏன் கேட்டோம் என்றிருக்கும். ஊர் தீமிதித் திருவிழா அன்று பிறந்தவள் என்பதால் அம்மன் பெயரையே வைத்தார்கள். வைப்பதற்கு முன் கொஞ்சம் யோசித்திருக்கலாம் என்று அவள் புருஷன் முருகையன், அவள் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துச் சொல்வதுண்டு.

அவளுக்குக் கோபப்படக் காரணம் இல்லாமல் இல்லை. 1989-இல் பிளஸ் டூ காமர்ஸில் பள்ளியிலேயே முதலாவதாகத் தேறினாள். திருவண்ணாமலையில் கல்லூரி இருக்கிறது, பஸ் இருக்கிறது, போய் வருகிறேன் என்றாள். பொட்டைப் பிள்ளை பொழுது சாய்ந்து பஸ்ஸில் வந்து இறங்கினால் ஊர் என்ன பேசும் என்று அப்பா மறுத்துவிட்டார். தேறுவதற்கே திண்டாடிய தம்பியை அதே பஸ்ஸில் அதே கல்லூரிக்கு அனுப்பினார். அவன் இரண்டாம் வருஷமே படிப்புக்கு முழுக்குப் போட்டுவிட்டு ஏரிக்கரையில் சீட்டாடிக்கொண்டிருந்தான். இதைச் சொல்லும்போது அவள் கையில் என்ன பாத்திரம் இருந்தாலும் அது ணங்கென்றுதான் கீழே வரும்.

கல்யாணம், இரண்டு பெண் பிள்ளைகள், கடலைக் கொல்லை என்று வருஷங்கள் ஓடின. மழை பொய்த்த ஒரு வருஷத்தில் ரமணாசிரமம் பக்கம் ஒரு விடுதியில் வேலைக்குச் சேர்ந்தாள். முதலில் வெள்ளைக்காரர்கள் படுத்தெழுந்த விரிப்புகளைத் துவைக்கிற வேலை. பயமில்லாமல் இங்கிலீஷ் பேசினாள் என்பதால் வரவேற்பு மேசைக்கு மாற்றினார்கள். விடுதி முதலாளி ராமகிருஷ்ணன் நல்ல மனிதர்தான், ஆனால் சட்டம் பேசுகிறவர். கணக்கர் வேலை காலியானபோது, பி.காம். முடித்தால் அந்த நாற்காலி உனக்குத்தான், முடிக்காவிட்டால் ஆடிட்டர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்றார். அதுவரைக்கும் யாரையாவது வைத்து ஒப்பேற்றிக்கொள்கிறேன் என்று வாக்கும் கொடுத்தார்.

அந்த வாரமே பஸ் நிலையச் சுவரில் அவள் அந்த விளம்பரத்தைப் பார்த்தாள். வேலைக்குப் போகிறவர்களுக்கான பட்டப் படிப்பு. வாரத்தில் மூன்று நாள் சாயங்காலம் நேரில் வகுப்பு, மற்ற நாட்களில் கம்ப்யூட்டரில் பாடம். 'பாதி கல்லூரி, பாதி கம்ப்யூட்டர், முழுப் பட்டம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. இடம் செங்கம் ரோடு, விடுதியிலிருந்து கூப்பிடு தூரம். எந்தச் சாயங்காலத்தைக் காட்டி அவளை வீட்டில் உட்கார வைத்தார்களோ, அதே சாயங்காலத்தில் கல்லூரி. அன்றைக்கே சேர்ந்துவிட்டாள். மாட்டுக்கு யார் பால் கறப்பது என்று முருகையன் கேட்டான். அவள் மெல்லிய குரலில் ஏதோ சொன்னாள். அவன் பால் கறக்கக் கற்றுக்கொண்டான்.

கல்லூரியை நடத்தியவர் சக்கரவர்த்தி. நெற்றி நிறைய விபூதி, வெள்ளைச் சட்டை, எல்லோரையும் கும்பிடுகிற கை. தாளாளர் என்று சொன்னால்தான் திரும்பிப் பார்ப்பார். வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றின் படிப்பு மையமாகத் தன் மாடிக் கட்டடத்தைப் பதிந்து வைத்திருந்தார். அக்கவுண்ட்ஸ் பாடம் எடுக்கக் குமரேசன் என்ற இளைஞரை வைத்திருந்தார். செஞ்சிக்காரர், பகலில் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியார். பாடம் நடத்தினால் மண்டையில் இறங்கும். முதல் சில வாரம் பாஞ்சாலைக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வகுப்பு முடிந்து பஸ்ஸில் போகும்போது தானாகச் சிரித்துக்கொள்வாள்.

அப்புறம் பௌர்ணமி வந்தது.

கிரிவலத்துக்கு வருகிற ஜனத்துக்கு அந்த ஊரில் காலை நீட்ட இடம் கிடைக்காது. சக்கரவர்த்தி வகுப்பறை பெஞ்சுகளை வராந்தாவில் அடுக்கிவிட்டு, பாய் விரித்து, வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டார். கம்ப்யூட்டர்களுக்கு மேல் துணியைப் போர்த்தி, அதன் மேல் பக்தர்களின் பைகளை வைத்தார். ஒரு நாளோடு போனால் தொலைகிறது என்று விடலாம். முந்தின நாள் அறையைக் கழுவ வேண்டும், மறுநாள் நாற்றம் போக வேண்டும். கார்த்திகையில் கொடி ஏறினால் தீபம் முடிகிற வரைக்கும் கல்லூரி என்ற பேச்சே கிடையாது. இதில் கூத்து என்னவென்றால், பல்கலைக்கழகத்துக்காக அறிவிப்புப் பலகையில் அத்தனை நாளும் வகுப்பு நடப்பதாகவே எழுதியிருக்கும். எல்லோருக்கும் வருகைப் பதிவும் போட்டுவிடுவார்கள்.

கூடப் படித்த கண்டக்டர், நர்ஸ், ரேஷன் கடைக்காரர் எல்லோருக்கும் இது தேனாக இனித்தது. வராமலே வந்ததாகக் கணக்கு, இதைவிடச் சௌகரியம் என்ன வேண்டும் என்றார்கள். பாஞ்சாலைக்கு மட்டும் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று வருஷத்தில் மற்றப் பாடங்களை அவள் தானே உருட்டிப் புரட்டித் தேறிவிட்டாள். அக்கவுண்ட்ஸ் மட்டும் பிடி கொடுக்கவில்லை. ஒருமுறை தவறியது, மறுமுறையும் தவறியது. விடுதி முதலாளி இந்த ஆனி மாதத் தேர்வு வரைக்கும்தான் பார்ப்பேன், அப்புறம் வேறு ஆள் எடுத்துவிடுவேன், தப்பாக நினைக்காதே என்று சொல்லிவிட்டார்.

அவள் நேரே சக்கரவர்த்தியிடம் போய் நின்றாள். அவர், பிரசன்ட் போட்டாகிவிட்டதே, இன்னும் என்ன குறை என்று உண்மையாகவே ஆச்சரியப்பட்டார்.

"நான் வந்தன்னு நீங்க எழுதிக்கிறீங்க, சரி. நீங்க சொல்லிக் குடுத்தீங்கன்னு யாரு சார் எழுதறது?" என்று கேட்டாள்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால்கூட அவளுக்கு ஆறியிருக்கும். வருகிறவர்கள் பக்தர்கள், அவர்களுக்கு இடம் கொடுப்பது புண்ணியம், அந்தப் புண்ணியத்தில் உனக்கும் பங்கு உண்டு என்று சொல்லி விபூதி கொடுத்தார். மனுஷன் சாமியைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு நின்றால் யார் என்ன செய்ய முடியும்? அவள் விபூதியை வாங்காமல் படியிறங்கினாள்.

சித்திரா பௌர்ணமி வந்தது. ஊர் கொள்ளாத கூட்டம். விடுதியில் அன்றைக்கு யாருக்கும் லீவு கிடையாது. கூட வேலை செய்யும் ஜோதியம்மாளுக்குத் தன் தீபாவளி லீவை விட்டுக்கொடுத்து அந்தச் சாயங்காலத்தை வாங்கினாள் பாஞ்சாலை. புத்தகத்தை எடுத்துக்கொண்டு கல்லூரிக்கு ஏறினாள். எதிர்பார்த்தபடி வகுப்பறை முழுக்கக் காஞ்சிபுரம் பக்கத்து ஜனம். குமரேசன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீர்க் கேன் தூக்கிக்கொண்டிருந்தார். பாடம் நடத்த வந்த மனிதரைத் தண்ணீர் சுமக்க வைத்திருக்கிறார்களே என்று அவளுக்கு வயிறு எரிந்தது. போய்க் கரும்பலகையைத் துடைத்தாள். ஜனத்துக்கு நடுவில் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தாள்.

"ஆரம்பிங்க சார்."

"அக்கா, இன்னிக்கா?"

"இன்னிக்கு வகுப்புன்னு கீழ போர்டுல எழுதியிருக்குது. நான் வந்துட்டேன். நீங்களும் வந்துட்டீங்க."

குமரேசன் வாசலைப் பார்த்தார், கேனைப் பார்த்தார். மடித்த வேட்டியை இறக்கிவிட்டு சாக்பீஸை எடுத்தார். தேய்மானக் கணக்கு. ஒரு இயந்திரம் வாங்கினால் வருஷத்துக்கு வருஷம் அதன் மதிப்பு குறையும், குறைந்ததை ஒளிக்காமல் எழுத வேண்டும், எழுதாவிட்டால் லாபம் என்று காட்டுவது பொய் லாபம் என்று தொடங்கினார். தயக்கத்தில் குரல் நிதானமாக வந்தது.

அந்த ஊரில் ஒரு வழக்கம். பாயில் ஜனம் உட்கார்ந்திருக்க, முன்னால் ஒருவர் நின்று நிதானமாகப் பேசினால் அது சொற்பொழிவு. மடத்தில் அப்படி, மண்டபத்தில் அப்படி, சாப்பாட்டுக் கொட்டகையில்கூட அப்படி. வெளியூர் ஜனத்துக்கும் அது பழகிப் போயிருந்தது. முதலில் ஒரு அம்மாள் காலை மடக்கி உட்கார்ந்து கும்பிட்டாள். படுத்திருந்தவர்கள் எழுந்தார்கள். பக்கத்து அறையிலிருந்தும் வந்தார்கள். யாரோ ஒருவர் ஒரு தட்டில் வாழைப்பழமும் பூவும் கொண்டுவந்து கரும்பலகைக்கு அடியில் வைத்தார். குமரேசனுக்கு வியர்த்துக் கொட்டியது. நிறுத்தாதீங்க என்று பாஞ்சாலை கண்ணாலேயே அதட்டினாள். புரியாத இடத்தில் கேள்வி கேட்டாள். அவள் கேட்டதைப் பார்த்து மற்றவர்களும் கேட்டார்கள்.

சக்கரவர்த்தி கூட்டத்தைக் கண்டு ஓடி வந்தார். வாசலில் நின்று குமரேசனை வெளியே வரச் சொல்லிக் கையாட்டினார். பக்கத்தில் இருந்த பெரியவர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, "உக்காருப்பா, சாமி பேசறாரு இல்ல?" என்றார். தாளாளர் உட்கார்ந்தார். தன் கல்லூரியில் அவர் கேட்ட முதல் பாடம் அதுவாகத்தான் இருக்கும். பாஞ்சாலை எழுந்து போய்ப் பலகையில் கணக்கைத் தானே போட்டாள். சரியாக வந்தது. குமரேசன் தலையாட்டியதும் ஜனம் என்னமோ ஏதோ என்று கும்பிட்டது. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

இத்தோடு முடிந்திருந்தால் நல்ல கதை. ஆனால் சக்கரவர்த்தி பாடத்தைப் பார்க்கவில்லை, தட்டைப் பார்த்தார். தட்டில் பழத்தோடு விழுந்திருந்த காசையும் பார்த்தார். வைகாசிப் பௌர்ணமிக்கு மாடியின் முகப்பில் துணி கட்டினார்: சிறப்பு ஆன்மிகச் சொற்பொழிவு. குமரேசனுக்குக் காவித் துண்டு ஒன்று வாங்கி வந்தார். தான் வாத்தியார், சாமியார் இல்லை என்று குமரேசன் துண்டைத் திருப்பிக் கொடுத்தார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தேர்வுக்கு ஒரு மாதம்கூட இல்லை, அக்கவுண்ட்ஸ் பாடத்துக்கு ஆளே இல்லை. வகுப்பு மட்டும் போர்டில் தவறாமல் நடந்தது.

பாஞ்சாலை அன்றைக்கு அழுதாள். துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில். இந்தச் சக்கரவர்த்தியை எந்தச் சபையில் கொண்டுபோய் நிறுத்துவது என்று முருகையனிடம் கேட்டாள். பாடத்துக்கு வழி குமரேசனிடம் இருந்தது. அவர் செஞ்சிக்குப் போகிற பஸ்தான் கீழ்பென்னாத்தூர் வழியாகப் போகும். பள்ளிக்கூடம் விட்டதும் உடனே ஊருக்குப் போய்விடலாம், இருந்தும் அவள் வேலை முடிந்து வருகிற வரைக்கும் பஸ் நிலையத்தில் நின்றார்.

கடலை மூட்டைக்கும் கோழிக்கூடைக்கும் நடுவில் பாடம் நடந்தது. முன்சீட்டின் தகர முதுகுதான் கரும்பலகை. குமரேசன் சாக்பீஸால் எழுதுவார், பஸ் குலுங்கினால் கோடு வளையும், அவள் முந்தானையால் துடைப்பாள். அந்த பஸ்ஸின் கண்டக்டர் முதல் நாள், அரசாங்கச் சொத்தில் கிறுக்குகிறீர்கள் என்று சத்தம் போட்டார். மூன்றாம் நாள் அந்த சீட்டில் யாரையும் உட்கார விடாமல் பிடித்து வைத்தார். சாயங்கால பஸ்ஸில் ஒரு ஆம்பிளையோடு பேசிக்கொண்டு வருகிறாள் என்று ஊரில் நாலு பேர் பேசத்தான் செய்தார்கள். பேசட்டும் என்றாள். அந்தப் பேச்சுக்குப் பயந்து ஒருமுறை வீட்டில் உட்கார்ந்தது போதாதா?

தேறினாள். ஒட்டிக்கொண்டு தேறவில்லை, நல்ல மார்க்கோடு தேறினாள். ராமகிருஷ்ணன் சொன்ன சொல் தவறவில்லை, கணக்கர் நாற்காலியைக் கொடுத்தார். குமரேசனுக்கு ஒரு வேட்டி சட்டை வாங்கிக்கொண்டு முருகையன் செஞ்சிக்கே போய்க் கொடுத்துவிட்டு வந்தான்.

புது வேலைக்குப் போக ஆரம்பித்து ஒரு மாதம் இருக்கும். காலையில் பஸ் நிலையத்துக்குள் பஸ் நுழையும்போது ஜன்னல் வழியாகத் தன் முகத்தையே பார்த்தாள் பாஞ்சாலை. ஆள் உயரத்துக்கு பிளக்ஸ் பேனர். சேரும்போது கொடுத்த சின்ன போட்டோவை ஊதிப் பெரிதாக்கியிருந்தார்கள். 'இரு பிள்ளைகளின் தாய், எங்கள் கல்லூரியின் சாதனை மாணவி' என்று கீழே எழுத்து. பக்கத்தில் அவளைவிடப் பெரிதாகச் சக்கரவர்த்தி, கும்பிட்டபடி. அட்மிஷன் நடைபெறுகிறது.

இறங்கியதும் அவள் விடுதிக்குப் போகவில்லை. பூக்கடையில் கத்தரிக்கோலைக் கேட்டு வாங்கினாள். பேனர் கம்பித் தடுப்பில் தாழக் கட்டியிருந்தது நல்லதாய்ப் போயிற்று. ஒரு மூலையில் குத்தி, தன் கழுத்தைச் சுற்றி வெட்ட ஆரம்பித்தாள். பிளக்ஸ் லேசில் வெட்டுப்படாது. விரல் வலித்தது, விடவில்லை. கூட்டம் கூடிவிட்டது. யாரோ போன் போட்டிருக்க வேண்டும், சக்கரவர்த்தி வண்டியில் வந்து இறங்கினார்.

அவர் அதட்டிப் பார்த்தார், போலீஸ் என்றார், அவள் நிமிரவே இல்லை. கடைசியில் கெஞ்சலாக இறங்கி வந்தார்.

"ஏம்மா, நல்லதுக்குத்தானே போட்டேன். உன் மூஞ்சியப் பாத்துத்தாம்மா நாலு பொம்பளைங்க நம்பி வந்து சேருவாங்க."

"அதுக்குத்தான் சார் அறுக்கறேன்" என்றாள் பாஞ்சாலை.