பேருந்து ஹார்னும் ஒரு புள்ளியும்

ஆஸ்திரேலியக் கால்பந்தில் பந்தைக் கையாலும் பிடிக்கலாம்; ஆனால் வெராபுலா ஊரின் சீனியர் அணியில் இடம்பிடிக்கத் திறமை வேண்டும், அல்லது சித்தப்பா நிர்வாகக் குழுவில் இருக்க வேண்டும். ஃப்ளெட்சர் ஹனிமனுக்குச் சித்தப்பா கிடையாது. திறமை சுமார். மூன்று வருடம் இரண்டாம் அணியில் ஆடினான்.

சனிக்கிழமை காலையில் இரண்டாம் அணி, மத்தியானம் சீனியர். காலை ஆட்டத்தைப் பார்க்க வருவது நாய்களும் அம்மாக்களும்தான். அவன் அம்மா கெரின் பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். சொந்தக் கார் மார்ச் மாதத்திலிருந்து படுத்துக் கிடந்ததால் பேருந்திலேயே மைதானத்துக்கு வருவாள்.

பயிற்சியாளர் ட்ரெவ் மட்ஜ் கறிக்கடைக்காரர். வியாழன் பயிற்சி முடிந்ததும், கறி மடிக்கும் காகிதத்தில் சீனியர் அணியின் இருபத்திரண்டு பெயர்களை எழுதி கேன்டீன் கதவில் ஒட்டுவார். ஒருமுறை பட்டியலின் அடியில் ரத்தத் துளி ஒன்று இருந்தது.

"ஆட்டுக்குக்கூட எடம் கெடச்சிருச்சு" என்றான் ஃப்ளெட்சர்.

மே மாதம், ஏழு வாரம் காய்ந்த பிறகு, ஒரு புதன்கிழமை மழை பிடித்தது. விதைக்கிற ஈரம். ஆட்டக்காரர்களில் நான்கு விவசாயிகள் டிராக்டரை விட்டு இறங்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். எட்டு வருடமாக அணியில் இருக்கும் டேல் ஷில்லிங்கும் அவர்களில் ஒருவன்.

"டேய், உன்ன நான் எடுக்கல. மழை எடுத்திருக்கு" என்றார் ட்ரெவ், ஃப்ளெட்சரின் பெயரைச் சீனியர் பட்டியலில் எழுதியபடி.

"மழைக்கு நன்றி சொல்லிடறேன்."

"வாய் நல்லா ஓடுது. காலும் ஓடட்டும். அடுத்த வாரம் டேல் வந்துருவான். அப்பவும் உன் பேர எழுதினேன்னா, அதுதான் நீயா வாங்கின எடம்."

சனிக்கிழமை மூன்று கால்பகுதி முடியும்வரை பந்து அவன் கைக்கு இரண்டு முறை வந்தது. கடைசிப் பகுதியில், கோல் கம்பங்களுக்கு முப்பது மீட்டர் தள்ளி, வந்த பந்தை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தான். அப்படிப் பிடித்தவனை யாரும் நெருங்கக் கூடாது; நிதானமாக உதைக்கலாம். உதைத்தான். பந்து உயரக் கம்பத்துக்கு வெளியே, பக்கத்துக் குட்டைக் கம்பத்துக்கு உள்ளே போனது. இரண்டு உயரக் கம்பங்களுக்கு நடுவே போயிருந்தால் கோல், ஆறு புள்ளி. இது ஒன்று. நடுவர் ஒற்றைக் கொடியை ஆட்டினார்.

பேருந்தின் ஹார்ன் நீளமாக ஒலித்தது.

எங்கள் ஊரில் மைதானத்தைச் சுற்றி நிற்கும் வண்டிகள் கோலுக்கு மட்டும்தான் ஹார்ன் அடிக்கும். ஒரு புள்ளிக்கு அடிப்பது எதிரிகூடச் செய்யாத காரியம். மைதானமே சிரித்தது.

"பஸ் வந்துருச்சுடா, ஏறிக்கோ" என்றான் எதிரணிக்காரன் ஒருவன். "சாப்பாட்டு டப்பாவ மறந்துறாத."

அதற்குள் பந்து எதிரணியின் வேகமான செம்பட்டைத் தலையனிடம் போய்விட்டது. ஃப்ளெட்சர் காது சிவக்க அவனைத் துரத்தினான். எண்பது மீட்டர். விதிப்படியே இடுப்பைப் பிடித்துச் சேற்றில் சாய்த்தான். பந்து எங்களுக்குக் கிடைத்தது. முப்பத்தொரு புள்ளியில் தோற்றோம் என்பது வேறு விஷயம்.

"ஏம்மா அடிச்ச?" என்றான் ஆட்டம் முடிந்து பேருந்தில் ஏறியதும்.

"உள்ள போயிருச்சுன்னு நெனச்சேன்."

"இருவது வருஷமா ஆட்டம் பாக்கற."

"இருவது வருஷமா நீ சீனியர்ல ஆடலயே."

அடுத்த வியாழன் நான்கு விவசாயிகளும் பயிற்சிக்கு வந்தார்கள். ட்ரெவ் காகிதத்தை ஒட்டினார். டேல் இரண்டு தடவை படித்தான்.

"ட்ரெவ், நான் வெதச்சு முடிச்சிட்டேன்."

"தெரியும். நாலு நாள் டிராக்டர்ல உக்காந்த இடுப்பு. காலைல ரெண்டாம் அணியோட ஓட விட்டுப் பாப்போம்."

"என் எடத்துல யாரு?"

"எண்பது மீட்டர் ஓடினவன்."

இருபத்திரண்டாவது பெயர் ஃப்ளெட்சருடையது. அவன் அதைத் தொட்டுப் பார்த்தான். மை விரலில் ஒட்டியது. வெளியே பேருந்தில் கெரின் காத்திருந்தாள். ஏறி உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னான். அவள் கை ஹார்ன் பக்கம் போனது. அவன் பிடித்துக்கொண்டான்.

"இனிமே கோலுக்கு மட்டும் அடிம்மா."

"நீ மொதல்ல ஒண்ணு போடு. அப்புறம் எனக்குச் சொல்லிக்குடு" என்று வண்டியைக் கிளப்பினாள்.