ஆடாமல் இருங்கோ ஐயா

பண்டத்தரிப்பில் ஒரு வீட்டுக்குப் படம் எடுக்கப் போயிருந்தேன். கனடாவிலிருந்து வந்திருந்த மகள், திரும்பிப் போவதற்கு முன் தாயும் தகப்பனும் சேர்ந்திருக்கும் ஒரு படம் வேண்டும் என்று கேட்டிருந்தாள். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் சிறிய ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கலியாண வீடு, சாமத்திய வீடு என்று பல வருடமாக இதுதான் எனக்குத் தொழில்.

மழைக்கால மத்தியானம். முன்ஹோலின் யன்னல்கள் எல்லாம் சீலையால் மூடியிருந்தன.

"அக்கா, அம்மாவுக்குக் கண் ஒப்பரேசன் செய்து ஒரு கிழமைதான். வெளிச்சம் கூசுதாம். பிளாஷ் அடிக்கேலாது," என்றாள் மகள்.

"பிளாஷ் எனக்குத் தேவையே இல்லை. இந்த லென்ஸிலை ஸ்டெபிலைசர் இருக்கு. இருட்டிலையும் கையிலை பிடிச்சே எடுப்பன், ஆடாது," என்றேன். அந்த லென்ஸை வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதைப் பற்றி யாராவது கேட்கமாட்டார்களா என்று அலைந்த நாட்கள் அவை.

ஐயா இஸ்திரி போட்ட வேட்டியும் சால்வையுமாக வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் அம்மா. அவர் வலது கையை எடுத்து அம்மாவின் கைமேல் வைத்தார். அந்தக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. ஏதோ நோயால் வந்த நடுக்கம். உட்கார்ந்தவுடனேயே நான் அதைக் கண்டேன்.

முதல் படத்தில் கை கலங்கலாக விழுந்தது. "ஆடாமல் இருங்கோ ஐயா," என்றேன். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். இரண்டாவதும் அப்படியே. "கொஞ்சம்தான் ஐயா, ஆடாமல்." அம்மா தன் மற்றக் கையால் அவர் கையை அழுத்திப் பிடித்தாள். மூன்றாவது தரமும் நான் அதையே சொன்னபோது அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நான் ஆட்டேல்லைப் பிள்ளை. அது தன்ரை பாட்டிலை ஆடுது."

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். "பரவாயில்லை ஐயா, கையைச் சால்வைக்குள்ளை வையுங்கோ," என்றேன். அவர் வைத்தார். படம் துல்லியமாக வந்தது. நான் வெளிக்கிடும்போது, "உங்களை மினக்கெடுத்திப்போட்டன்," என்று அவர் மன்னிப்புக் கேட்டார்.

ஸ்டூடியோவில் கணினியில் போட்டுப் பார்த்தபோதுதான் என் பிழை விளங்கியது. அந்த முதல் மூன்று படங்களிலும் சுவர்க் கலண்டரின் எழுத்துகூடத் தெளிவாக இருந்தது. அம்மாவின் சேலைக்கரை நூல் நூலாகத் தெரிந்தது. அவர் கை மட்டும் புகைபோல. ஷட்டரை ஒரு செக்கனில் எட்டில் ஒரு பங்குக்கு வைத்திருந்தேன். ஸ்டெபிலைசர் கமரா பிடித்திருக்கும் என் கையின் ஆட்டத்தைத்தான் சமாளிக்கும். முன்னால் இருப்பவர் அசைந்தால் அதனால் ஒன்றும் செய்ய இயலாது. கோயில் தூண், பழைய வீடு என்றால் அதை நம்பி ஷட்டரை மெதுவாக வைக்கலாம். ஆட்களுக்கு ஷட்டர் வேகமாக இருக்க வேண்டும். வெளிச்சம் போதாவிட்டால் ஐஎஸ்ஓவை, அதாவது கமரா வெளிச்சத்தை உணரும் அளவை, கூட்டினால் போதும். படம் கொஞ்சம் மணல் தூவினதுபோல இருக்கும், அவ்வளவுதான். என்னிடம் பழக வந்தவர்களுக்கு நானே இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அன்று பெருமை அடித்துவிட்டேன். மணல் விழுந்த படத்தைக் கொடுக்க மனம் வரவில்லை.

மறுநாள் மகள் போன் எடுத்தாள். "அம்மான்ரை கையிலை அப்பா கை வைச்ச படம் ஒண்டும் இல்லையோ அக்கா?"

"ஐயான்ரை கை நடுங்கினதாலை அது சரிவரேல்லை," என்றேன். அவள் "ஓம், விளங்குது" என்று மெல்லச் சொன்னாள். இதை நினைத்தால் இன்றும் முகம் சுடுகிறது.

மகள் கனடாவுக்குப் போய் ஒரு வாரத்தின் பின், பெருப்பித்த படத்தை நானே கொண்டுபோனேன். கமராப் பையைக் கண்டதும் ஐயா கையைச் சால்வைக்குள் எடுத்துக்கொண்டார்.

"ஐயா, அண்டைக்குப் பிழை என்ரை. உங்கடை கையிலை ஒரு குறையும் இல்லை. கமராவை நான்தான் பிழையா வைச்சனான். இன்னொருக்கா எடுப்பம், முற்றத்து வெளிச்சத்திலை," என்றேன்.

அவர் சிரித்தார். "நீங்கள் நல்ல பிள்ளை. என்ரை மனம் நோகக்கூடாது எண்டு சொல்லுறியள். இந்தப் படமே காணும், வேறை வேண்டாம்."

எவ்வளவு சொல்லியும் அவர் அதை என் நல்ல குணமாகவே எடுத்துக்கொண்டார். அம்மா தேத்தண்ணி கொண்டுவந்தாள். குடிக்கும்வரை யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

அன்று பின்னேரமே மகளுக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன், போனில் சொன்ன பொய் உட்பட. இரண்டு நாள் பதில் இல்லை. பிறகு ஒரு வரி வந்தது: "அப்பாட்டைச் சொன்னீங்களோ?"

"சொன்னனான். அவர் நம்பேல்லை," என்று எழுதினேன்.

அதன் பிறகு அவள் எனக்கு எழுதவில்லை.