பின்னாலிருந்து அடித்த தட்டு

பிச்சமுத்து நாய்க்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பித்தளைத் தட்டில் கரண்டியால் ஓங்கி அடித்தார். கொல்லையில் கோழிகள் சிதறி ஓடின. நாய் திரும்பவில்லை.

"இன்னொரு தடவை அடிங்க," என்றார் நாய்க்காரர் இன்னாசிராஜ்.

அடித்தார். வெள்ளை நாய் எதிரே நின்ற இன்னாசிராஜின் கையையே பார்த்துக்கொண்டிருந்தது.

முயல் வேட்டை நாய் வளர்ப்பவர்களிடம் இது வழக்கம். பெட்டையைச் சேர்க்கக் கொண்டுவருகிறவர் ஆண் நாயின் பல், பாதம், கண் எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் தட்டு அடிப்பார். வெள்ளையில் செவிடு பிறப்பதுண்டு. இதைக் குட்டியாக வாங்கியபோது இன்னாசிராஜும் அடித்துப் பார்த்தவர்தான். முகத்தைப் பார்க்க வேண்டுமென்று முன்னால் நின்று அடித்தார். குட்டி நிமிர்ந்தது. போதும் என்று நினைத்தார்.

பாய்லர் பட்டறையில் இருபத்திரண்டு வருஷம் இரும்புத் தகட்டில் ரிவெட் ஆணி அடித்தவர். அங்கே இரைச்சலில் எல்லாரும் கையால்தான் பேசுவார்கள். நாயையும் கையாலேயே பழக்கினார். குரல் கொடுக்காமல் ஏவுகிறவர் என்று லால்குடிப் பக்கம் அவருக்குப் பெயர்.

பிச்சமுத்து அவர் காதருகே வந்து கத்தினார். "நாயும் ஒங்க பட்டறையிலதான் வேலை பாக்குதுங்களா?"

இன்னாசிராஜ் சிரிக்கவில்லை. பிச்சமுத்து, சேர்க்கக் கொண்டுவந்திருந்த தன் பெட்டையை அவிழ்த்துக் கிளம்பினார்.

"தப்பா நெனைக்காதீங்க. ஓட்டத்துல இது மாதிரி நாய் கெடையாது. ஆனா எனக்கு வேணாம். வீட்டுல இருக்கிற குட்டிங்களையும் பாத்துருங்க. அதுலயும் சிலதுக்கு லாரி ஆரன் அடிச்சாக்கூடக் கேக்காது."

வீட்டுப் பெட்டைக்கு இந்த நாயால் பிறந்த குட்டிகள் ஆறு. ஒன்றரை மாதம். கிறிஸ்துமஸுக்குத் தருவதாக ஆறு பேரிடம் சொல்லியிருந்தார்.

மனைவி ரோசரி அடுப்படி வாசலில் நின்றாள்.

"ஒனக்குத் தெரியுமா?" என்றார் அவளிடம்.

"போன வருஷமே சொன்னேன்," என்று கிட்ட வந்து சத்தமாகச் சொன்னாள்.

"எப்ப?"

"நீங்க சாப்புடுறப்ப. தலைய ஆட்டுனீங்க."

மறுநாள் திங்கட்கிழமை. விடிந்ததும் ரோசரி குட்டிகளை ஒவ்வொன்றாகத் தனியே விட்டு, பின்னாலிருந்து தட்டு அடித்தாள். இன்னாசிராஜ் தள்ளி நின்று பார்த்தார். இரண்டு திரும்பின. மற்ற நான்கையும் சாக்கில் போட்டு, சைக்கிளில் வைத்து, உய்யக்கொண்டான் வாய்க்காலுக்குக் கொண்டுபோனார். தண்ணீர் நிறைய ஓடியது. வெறும் கையோடு வந்து குளித்தார். மீதி இரண்டையும் யாருக்கும் கொடுப்பதில்லை என்றார். சங்கு ஊதுவதற்குள் பட்டறையில் இருந்தார். சாயங்காலம் திரும்பியபோது வெள்ளை நாய் வாசலில் படுத்திருந்தது. கையைத் தூக்கினார். எழுந்து வந்தது.