கூப்பிடாமல் போகும் வீடு

பந்தல்காரருக்கு மேடையில் ஏறினால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்டவர் இரண்டு முறை கவுன்சிலர் ஆனார் என்றால் காரணம் ஒன்றுதான். வார்டில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும், அழுகைச் சத்தம் தெருமுனையைத் தாண்டுவதற்குள் அவருடைய வண்டி வாசலில் நிற்கும். கம்பு நட்டு, துணி கட்டி, நாற்காலி போட்டுவிட்டு ஓரமாக நின்றுகொள்வார். வாடகை என்று வாயைத் திறக்க மாட்டார். கல்யாண வீட்டில் மட்டும் கறாராக வசூலித்துவிடுவார், அது வேறு கதை.

அந்தப் பழைய தெருக்களில் சாவுக்கு யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. வந்தவரை "வாங்க" என்று சொல்வதுமில்லை, கிளம்புகிறவர் "போய்ட்டு வரேன்" என்று சொல்வதுமில்லை. நேரே உள்ளே போய் உட்கார வேண்டியதுதான். கூப்பிட்டால்தான் வருவேன் என்று வாசலில் நிற்கிறவனை அங்கே மனுஷனாகவே மதிக்க மாட்டார்கள்.

செங்கல் சூளை இருந்த இடத்தில் அடுக்குமாடிகள் எழும்பியபோது கூடப் பந்தல்காரர் அசரவில்லை. எங்கிருந்தெல்லாமோ வந்து குடியேறினார்கள். காலையில் கேட் திறக்கும், கார்கள் போகும், இருட்டியபின் திரும்பும். முகம் பார்த்தவர் யாருமில்லை. ஆனால் அவர்கள் ஓட்டு பழைய தெருக்களின் ஓட்டை விட அதிகமாகிவிட்டது.

"ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வாங்களேன். நீங்க யாருன்னே அவங்களுக்குத் தெரியாது" என்றாள் அவர் மனைவி.

"வலியப் போய் எதுக்குப் பல்லைக் காட்டணும்? ஒரு சாவு விழட்டும், தானா தெரிஞ்சுக்குவாங்க."

"நல்ல வாய் உங்களுக்கு!" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

வாய் பலித்துவிட்டது. தேர்தலுக்குச் சில வாரம் இருக்கையில் அங்கே ஒரு பெரியவர் இறந்துபோனார். சேதி சொன்னவன் பந்தல்காரரின் மச்சினன், அந்த கேட்டின் காவலாளி. மாமாவின் வண்டியைப் பார்த்ததும் கேட்டையும் அவனே திறந்துவிட்டான். கார் நிறுத்துமிடத்தில் மளமளவென்று கம்பு நட்டார்கள், நாற்காலி பரப்பினார்கள். யாரும் "வாங்க" என்று சொல்லவில்லை. சாவு வீடாயிற்றே, அதில் என்ன விசேஷம் என்று பந்தல்காரர் வேலையைப் பார்த்தார்.

இறந்தவரின் மகள் லிஃப்டிலிருந்து வெளியே வந்தாள். ராத்திரி முழுக்க அழுத முகம்.

"யாருங்க நீங்க? யார் வரச் சொன்னா?"

"யாரும் சொல்ல வேண்டாம்மா. சாவு வீடுதானே."

"எங்கப்பா சத்தமே பிடிக்காத மனுஷன். எங்களைக் கொஞ்சம் நிம்மதியா அழவாவது விடுங்க. ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

கேட்பதா? பந்தல்காரருக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. பால்கனியிலிருந்து யாரோ அதைப் படம் பிடித்தார்கள். 'பிணத்தை வைத்து ஓட்டுக் கேட்கும் கவுன்சிலர்' என்று பொழுது சாய்வதற்குள் எல்லாருடைய போனிலும் அவர் நின்றார். ஓட்டு என்ற சொல்லை அன்று அவர் வாயால் சொல்லவே இல்லை. மனசுக்குள் நினைக்கவும் இல்லை என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. மச்சினனுக்கு வேலை போயிற்று.

குடியிருப்பு சங்கம் அந்த மகளையே வேட்பாளராக நிறுத்தியது. அவள் பழைய தெருக்களுக்கும் வந்தாள். ஒவ்வொரு வாசலிலும் செருப்பைக் கழற்றிவிட்டு, "உள்ள வரலாமா?" என்று கேட்டு நின்றாள். திறந்து கிடக்கிற வீட்டுக்கு இதென்ன கேள்வி என்று ஜனங்கள் சிரித்தார்கள். சிரித்து என்ன? அடுக்குமாடிகளின் ஓட்டு மொத்தமாக விழுந்தது, அவள் ஜெயித்தாள்.

தோற்ற பிறகு பந்தல்காரர் தெருவில் நடப்பதைக் குறைத்துக்கொண்டார். பழைய வீடுகளும் ஒன்றொன்றாகக் கைமாறின. மறு வருஷம் மனைவி காய்ச்சலில் விழுந்தவள் எழுந்திருக்கவே இல்லை.

அன்று அவர் வாசலில் பந்தல் போட ஆள் வரவில்லை. வண்டியில் வந்த வேலைக்காரர்கள் வேறு வேறு பிழைப்புக்குப் போய்விட்டார்கள். மனைவியை உள்ளே கிடத்திவிட்டு அவரே கிடங்கைத் திறந்து கம்புகளைத் தோளில் சுமந்து வந்தார். மச்சினன் ஒருபக்கம் பிடித்தான். எத்தனை வீட்டுக்கு ஓடிய மனுஷன்! போட்ட நாற்காலிகளில் பாதிக்கு மேல் காலியாகவே கிடந்தன. அவர் கண் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தது.

கடைசியில் ஒரு கார் வந்து நின்றது. அவள்தான், புதுக் கவுன்சிலர். மாலையோடு, தனியாக வந்திருந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றினாள். அன்றைக்குத் தான் பட்டதை இவருக்குத் தந்துவிடக் கூடாது என்றோ என்னவோ, படியேறாமல் நின்று மெதுவாகக் கேட்டாள்.

"ஐயா, உள்ள வரலாமா?"

பந்தல்காரர் நிமிர்ந்தார். உதடு அசைந்தது. "வாங்க" என்ற அந்த ஒரு வார்த்தையை மனைவி கிடக்கிற வீட்டில் அவரால் சொல்ல முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, பக்கத்து நாற்காலியை அவள் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தினார். அதற்கு என்ன அர்த்தம் என்று பழைய தெருவில் எல்லாருக்கும் தெரியும். அவளுக்குத் தெரியாது. வர வேண்டாம் என்கிறார் என்று எடுத்துக்கொண்டாள். மாலையைப் பந்தல் கம்பு ஒன்றில் மாட்டிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

"வந்தவங்க போறாங்க மாமா" என்றான் மச்சினன்.

"சாவு வீட்ல வந்து கேட்டா நான் என்னடா சொல்லுவேன்?"

காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத பந்தல்காரர், அந்தக் காலி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அப்போதுதான் அழ ஆரம்பித்தார்.