மூன்றாவது கோடு

எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று சொல்பவர்கள் தாராளமாகச் சொல்லிக்கொள்ளட்டும். நடந்தது நடந்ததுதான். அதுவும் பட்டப்பகலில்.

போதை ஊசி போட்டுக்கொள்பவர்களுக்குப் புண் கட்டும் நர்ஸ் நான். அன்று மத்தியானம் ஒட்டடைக்குச்சி வந்தான். ஆள் அப்படித்தான் இருப்பான், பெயர் நான் வைத்தது. எந்நேரமும் அவனோடு திரியும் உருண்டையைக் காணோம்.

"எங்கடா உன் ஜோடி?"

"அவங்க அக்கா வீட்டுக்குப் போயிட்டான்க்கா. முந்தாநாள் ரெண்டு பேரும் ஒரே ஊசியிலதான் போட்டோம். அப்பலேர்ந்து கை வலி உயிர் போகுது."

முழங்கைக்குக் கீழே சின்ன வீக்கம், சுற்றிலும் சிவப்பு. இதற்கா இவ்வளவு கூப்பாடு என்று எனக்கு எரிச்சல். சிவப்பின் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டேன். சிவப்பு அதைத் தாண்டினால் கிருமி பரவுகிறது என்று அர்த்தம். கீறிச் சீழை எடுத்துவிட்டு, மாத்திரை கொடுத்து அனுப்பிவிடலாம் என்று பஞ்சு எடுக்கத் திரும்பினேன்.

சர்க்... சர்க்...

தோலில் பேனா உரசும் சத்தம்.

திரும்பிப் பார்த்தால், முழங்கைக்கு மேலே இன்னொரு கோடு. மை காயவில்லை.

"விளையாடுறியா? யார் போட்டது?"

"நான் இல்லக்கா." காய்ச்சலில் கண் பாதி மூடியிருந்தது. என் தோளுக்குப் பின்னால் பார்த்துச் சிரித்தான்.

பின்னால் வெறும் சுவர். பேனா என் பாக்கெட்டில், மூடியோடு.

சர்க்...

என் கண்ணெதிரே, அவன் தோளோரமாக மூன்றாவது கோடு ஊர்ந்தது. எந்தக் கையும் இல்லை.

அம்மாடி! அவன் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன்.

சிவப்பு முதல் கோட்டைத் தாண்டியிருந்தது. வீக்கத்தை அழுத்தினேன்.

நறநறவென்றது... உள்ளே சதை அழுகிக் காற்று சேர்ந்திருக்கிற சத்தம்.

ஆம்புலன்ஸ்!

இரவு சர்ஜன் போன் செய்தார். "மூணாவது கோடு வரைக்கும் கிழிச்சோம் சிஸ்டர். அதுக்கு மேல சுத்தம். கொஞ்சம் லேட்டாகியிருந்தா ஆளே இல்ல. எப்படிக் கரெக்டா போட்டீங்க?"

போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் ஆஸ்பத்திரி வாசலில் உருண்டையின் அக்கா அழுதுகொண்டு நின்றாள். தம்பி முந்தின நாள் விடியற்காலையிலேயே செத்துப்போய்விட்டானாம். கை வீங்கி, கழுத்து வரைக்கும் கறுத்து...

உள்ளே ஒட்டடைக்குச்சி கண் விழித்திருந்தான். அவனுக்கு யாரும் இன்னும் சொல்லவில்லை.

"கோடு போட்டது உருண்டைதான்க்கா. உங்க பின்னாலயே நின்னான். அவனுக்குக் கழுத்தெல்லாம் கறுத்து வீங்கியிருந்துச்சு... நீங்க ஏன்க்கா அவனைப் பார்க்கவே இல்ல?"